இரட்டைக் கத்திக்கு ஒரு சட்டம்

மாயாண்டியின் இரண்டு கத்திகளால் எங்கள் ஞாயிற்றுக்கிழமை செத்துக்கொண்டிருந்தது. நிஜக் கத்தியாக இருந்தால் பிடுங்கித் தோட்டத்து லைன் வீட்டுக் கூரைமேல் எறிந்திருப்பேன். இது பாயில் உட்கார்ந்து வாயால் ஆடும் ஆட்டத்தில் அவனுடைய வீரன் ஏந்தியிருந்த கத்தி. வாயில் இருக்கும் கத்தியைப் பிடுங்க முடியாது, சட்டம் போட்டுத்தான் மடக்க வேண்டும். அந்தச் சட்டம் எனக்கு மாதக்கணக்கில் அகப்படவில்லை.

ஆட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருத்தர் கதை சொல்லுவார்: இதோ ஒரு பழைய ஈயச் சுரங்கம், உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்கிறீர்கள்? மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வீரனை வைத்துக்கொண்டு, நான் உள்ளே போகிறேன், நான் பந்தம் கொளுத்துகிறேன் என்பார்கள். வெட்டு விழுமா விழாதா என்று வரும்போது ஒன்றிலிருந்து இருபதுக்குள் ஒரு எண் எடுக்க வேண்டும். பெரிய எண் வந்தால் வெட்டு விழும். கதை சொல்பவருக்குப் புத்தகத்தில் ஏதோ நீளமான பேர் போட்டிருந்தது. எங்கள் தோட்டத்தில் நாங்கள் வைத்த பேர் 'கிராணி', அதாவது தோட்டத்துக் குமாஸ்தா. ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு எல்லார் தலையெழுத்தையும் எழுதுகிறவர் அவர்தானே. எங்கள் ஆட்டத்துக்குக் கிராணி நான், நீலாவதி.

அப்போது ஆண்டு தொண்ணூற்றொன்று. வாரத்தில் ஆறு நாள் பகாவ் டவுனில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டு, இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பாக இருக்கும் அக்கா என்று பொய் சொல்லுவேன். ஞாயிறு மத்தியானம், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை காலியாக இருக்கும். அங்கே, பிள்ளைகள் இல்லாத தொட்டில்களுக்குக் கீழே பாய் விரித்து, நான் மலையை எழுப்புவேன், ஆற்றைத் திருப்பி விடுவேன், ராஜாவைக் கொல்லுவேன். அந்த நாலு மணி நேரத்துக்காகத்தான் மீதி ஆறு நாளும் சிரித்தேன். இதை வெட்கப்படாமல் சொல்லுகிறேன்.

ஆடுகிறவர்கள் மூன்று பேர். சௌந்தரவல்லி டீச்சர், சிரம்பானில் வட்டிக்கடைக் குடும்பத்துப் பெண், எங்கள் தமிழ்ப்பள்ளிக்குத் தற்காலிகமாக வந்தவர். லண்டனில் படித்த அண்ணன் கொண்டுவந்த ஆட்டப் புத்தகத்தை போட்டோஸ்டேட் எடுத்து எங்களுக்குக் கொடுத்தவர் அவர்தான். ஆட்டத்தில் அவருடைய ஆள் ஒரு மருத்துவச்சி. அடுத்தவர் அர்ச்சுனன் அண்ணன், செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறவர். உடம்பு பெரிது, பேச்சு கம்மி. அவருடைய வீரன் மலையன், கையில் ஒரே ஒரு கோடாரி. மூன்றாவது ஆள்தான் மாயாண்டி. மோட்டார் பட்டறையில் வேலை, என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், கண்ணும் கையும் ஒரு இடத்தில் நிற்காது. அவனுடைய ஆள் மின்னல். வலது கையில் ஒரு கத்தி, இடது கையில் ஒரு கத்தி.

புத்தகத்தில் இரண்டு ஆயுதத்தைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. போட்டோஸ்டேட் மிஷினில் மை தீர்ந்த நேரம் போலிருக்கிறது, அந்தப் பக்கம் மட்டும் வெள்ளையாக வந்திருந்தது. ஆகவே நானே சட்டம் போட்டேன். இரண்டு கை, இரண்டு வெட்டு. ஒரே மாதத்தில் என் பூதங்கள் எல்லாம் மின்னல் கையால் செத்தன. சரி, இடது கை எடுக்கும் எண்ணில் இரண்டைக் கழி என்றேன். செத்தன. நாலைக் கழி என்றேன். அப்போதும் செத்தன. துணிக்கடையில் சேலையை மடித்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்ப்பேன். நாலைக் கழித்தால் இடது கை வெட்டு பாதிக்குப் பாதியாவது தவற வேண்டும். இவனுக்கு மட்டும் தவறவே இல்லை. அர்ச்சுனன் அண்ணனோ கோடாரியை ஓங்குவார், மூன்று வரும். அடுத்த தடவை ஓங்குவார், ஆறு வரும்.

ஒரு ஞாயிறு ஆட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"நீலா, அடுத்த வாரத்தோட நான் நின்னுக்கிறேன். கிளப்புல கேரம் ஆட ஆள் கேட்டாங்க."

"ஏண்ணே, என்னா கோவம்?"

"கோவம்லாம் இல்லம்மா. நான் இருந்தாலும் இல்லாட்டியும் பூதம் சாவுது. அப்புறம் நான் எதுக்கு லா வரணும்?"

கேரம். சொந்தமாக ஒரு மலையும் ஆறும் இருக்கும்போது மனிதர் கேரத்துக்குப் போகிறாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். மூன்று பேருக்குக் குறைந்தால் இந்த ஆட்டம் நடக்காது. இரண்டு பேரை வைத்துக்கொண்டு கதை சொன்னால் அது பிள்ளையைத் தூங்கவைக்கிற வேலை. அண்ணன் போனால் டீச்சரும் சிரம்பானுக்கு வாராவாரம் பஸ் ஏறிவிடுவார். எனக்கு மிஞ்சுவது துணிக்கடை. கண்டிப்பாக அடுத்த ஞாயிறே ஒரு சட்டம் வேண்டும்.

ஞாயிறும் வந்தது, கையில் சட்டம் இல்லாமலே நான் போய் உட்கார்ந்தேன். அன்றைக்கு இரும்புப் பன்றியைத் தயாராக வைத்திருந்தேன். ஈயச் சுரங்கத்துக்குள் வாழும் பன்றி ராஜா, தோலெல்லாம் தகடு, பதினேழுக்கு மேல் எண் எடுத்தால்தான் வெட்டு உள்ளே போகும். பன்றி வருமுன் வழியில் சில குட்டிகள். குட்டிகளை மாயாண்டி வழக்கம்போல வரிசையாகச் சாய்த்தான். அர்ச்சுனன் அண்ணன் நாலு எடுத்தார், பிறகு ஏழு எடுத்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

"இப்ப ரெண்டு கத்தியும்," என்றான் மாயாண்டி, கையைத் தேய்த்துக்கொண்டு.

அந்த நேரம் பார்த்து டீச்சர் தண்ணீர் பாட்டிலை எட்டி எடுக்கப் போக, முழங்கை பட்டு மைலோ டின் கவிழ்ந்தது.

இந்த டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் இருபது முகம் உள்ள ஒரு பகடையின் படம் போட்டிருந்தது. அப்படி ஒன்றை பகாவில் எந்தக் கடையிலும் யாரும் கண்டதில்லை. கேட்டால் சிரித்தார்கள். அதனால் இருபது சோடா மூடி எடுத்து, உள்பக்கம் நகப்பூச்சால் எண் எழுதி, மைலோ டின்னில் போட்டுக் குலுக்கி எடுத்தோம். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே டின். பன்றி பூதங்களுக்கு என் பக்கம் வேறு டின், அதில் எடுத்த மூடியை நான் மடியில் மறைத்து வைத்துக்கொள்வேன். அவர்கள் எடுத்த மூடிகள் பாயில் வரிசையாகக் கிடக்கும். டின் காலியானதும் எல்லாவற்றையும் அள்ளி மறுபடி உள்ளே போடுவோம்.

கவிழ்ந்த டின்னைப் பார்த்துப் பதறிய டீச்சர், "சாரி சாரி" என்று பாயில் கிடந்த மூடி, உருண்ட மூடி எல்லாவற்றையும் கூட்டி அள்ளி டின்னுக்குள் போட்டுவிட்டார்.

"சரி, எடுடா. ரெண்டு கத்தியா?" என்றேன்.

மாயாண்டி டின்னைப் பார்த்தான். காலியாகிவிட்ட பாயைப் பார்த்தான். "இல்ல, இந்தத் தடவ ஒரு கத்தி போதும்," என்றான்.

மின்னல் ஒரு கத்தியோடு நின்று நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தலைக்குள் ஏதோ ஒன்று சட்டென்று திரும்பியது. காலிப் பாயைப் பார்த்தேன், நிறைந்த டின்னைப் பார்த்தேன், அவன் முகத்தைப் பார்த்தேன்.

"நீ மூடிய எண்ணுற," என்றேன்.

"எண்ணக் கூடாதுன்னு ரூல் இருக்கா? எல்லார் கண்ணு முன்னாலதானே கிடக்கு."

அவ்வளவுதான் விஷயம். சின்ன எண்கள் எல்லாம் வெளியே வந்து பாயில் கிடக்கும்வரை காத்திருப்பான். டின்னில் பெரிய எண்கள் மட்டும் மிஞ்சியதும் இரண்டாவது கத்தியை உருவுவான். நாலைக் கழித்தாலும் வெட்டு விழத்தான் செய்யும். பள்ளியில் ஆறு வருஷம் கணக்குப் படித்த நான் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். இவன் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரவேண்டிய இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் ஒரு துள்ளல். நோய் என்னவென்று தெரிந்துவிட்டதல்லவா.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சொன்னார். "அசலா அந்தப் பகடையில அப்படி வராது நீலா. ஒவ்வொரு தடவை உருட்டும்போதும் இருபது எண்ணுமே இருக்கும். எடுத்த மூடியத் திரும்ப உள்ள போட்டுட்டுத்தான் அடுத்தவங்க எடுக்கணும்."

"டீச்சர், இத்தன நாளு நீங்க ஏன் சொல்லல?"

"புத்தகத்தக் குடுத்துட்டு நான் ஆட வந்த அன்னிக்கே நீங்க இப்படித்தான் ஆடினீங்க. இது உங்க தோட்டத்து ரூல்னு நெனச்சேன். மரியாதைக்குப் பேசாம இருந்தேன்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் தோட்டத்தில் டின்னில் குலுக்கி எடுப்பதென்றால் மாதச் சீட்டுதான். லைன் வீட்டுப் பெண்கள் கூடிப் போடும் சீட்டு. அதில் ஒரு பேர் வந்துவிட்டால் அந்தப் பேர் மறுபடி டின்னுக்குள் போகாது, போனால் சண்டை. ஒருத்தருக்கே இரண்டு தடவை விழுந்தால் யார் பொறுப்பார்கள்? மூடியைத் திரும்ப உள்ளே போட வேண்டும் என்று எங்கள் மூன்று பேரில் ஒருத்தருக்கும் கனவில்கூடத் தோன்றவில்லை.

நான் துள்ளிக்கொண்டிருக்க, அர்ச்சுனன் அண்ணன் மெதுவாக எழுந்து நின்றார். அவரும் இப்போதுதான் கணக்கு முடித்திருந்தார்.

"அப்ப நான் எடுத்த மூணு, ஆறு, நாலு எல்லாம்," என்று நிறுத்தி, மாயாண்டியைப் பார்த்தார். "நான் குப்பையக் கழிச்சிப் போட்டேன், நீ அதுல அறுவடை பண்ணியிருக்க. அப்படித்தானே?"

மாயாண்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. "அண்ணே, நான் உங்கள நெனச்சிச் செய்யல. டின்னத்தான் பார்த்தேன்," என்றான்.

"அதான் சொல்றேன். என்னய யாரும் பார்க்கல." அண்ணன் செருப்பைத் தேடினார்.

டீச்சர் சொன்னபடி மூடியைத் திரும்பப் போடச் சொல்லியிருக்கலாம். நியாயமான வழி அதுதான். ஆனால் அண்ணன் வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தார், இனிமேல் நியாயமாக ஆடலாம் வாங்க என்றால் அவர் நிற்பாரா? அவர் சொன்ன வார்த்தையே என் வாயில் வந்தது.

"அண்ணே, நில்லுங்க. புது ரூல். இனிமே மின்னலோட இடது கை வெட்டாது."

"அப்ப இடது கையில எனக்கு என்னாத்துக்குக் கத்தி?" என்றான் மாயாண்டி.

"குப்பையக் கழிக்க. இடது கையால ஒரு மூடி எடு, எல்லாருக்கும் காட்டு. மோசமான எண்ணா, பாயில வீசு. நல்ல எண்ணா, டின்னுக்குள்ள திரும்பப் போடு. அவ்வளவுதான் உன் இடது கை. நீ கழிச்ச டின்னுல அடுத்த கை அண்ணனோடது."

மாயாண்டியின் கண்கள் டின்னுக்கும் பாய்க்கும் ஓடின. அவனுக்கு முதலில் புரிந்தது. "அடடே, இது நல்லாருக்கு லா," என்றான், தனக்கு எதிரான சட்டம் என்பதையே மறந்து. "பன்னி என்னோட கத்திய சமாளிச்சிக்கிட்டிருக்கும், அந்த நேரம் அண்ணன் கோடாரி இறங்கும். அண்ணே, உட்காருங்கண்ணே."

"புத்தகத்துல இப்படி இல்ல," என்றார் டீச்சர். பிறகு அவரே, "ஆனா புத்தகத்துல டின்னும் இல்ல," என்று பாயை இழுத்துப் போட்டார்.

அண்ணன் ஒற்றைச் செருப்போடு வந்து உட்கார்ந்தார்.

இரும்புப் பன்றி வந்தது. நான் உறுமினேன். தொட்டில் கயிறு ஆடுகிற அளவுக்கு உறுமினேன். முதல் சுற்றில் மலையனுக்குப் பதினெட்டு கிடைத்தது, கோடாரி தகட்டைப் பிளந்தது, அண்ணன் முதுகு நிமிர்ந்தது. அடுத்த சுற்றில் பன்றி மருத்துவச்சியைத் தூக்கி எறிந்தது. மாயாண்டி இடது கையால் ஒரு சுற்றில் எட்டைக் கழித்தான், மறு சுற்றில் பத்தொன்பதைத் திரும்பப் போட்டான், அண்ணன் அதே பத்தொன்பதை எடுத்தார். டீச்சர் தன் கண்ணாடி விழுவது தெரியாமல் கையைத் தட்டினார். மூன்று பேரும் பாயை மொய்த்துக்கொண்டு, இன்னும் என்ன உள்ளே இருக்கிறது என்று விரல்விட்டு எண்ணினார்கள். இதுவரை அந்த டின்னை யாரும் இப்படிப் பார்த்ததில்லை.

பன்றிக்கு உயிர் ஒரு வெட்டு மிச்சம். சாதாரண வெட்டு அல்ல, கோடாரி இருபது எடுத்து இறங்கினால்தான் அந்தக் கழுத்து அறும். மலையனுக்கும் உயிர் ஒரு முட்டு மிச்சம். டின்னில் நாலு மூடி. இரண்டு, ஐந்து, ஒன்பது, இருபது.

டீச்சர் முதல் ஆள். ஒன்பது எடுத்தார். மருத்துவச்சியின் தடி பன்றி மேல் பட்டுத் தெறித்தது.

மாயாண்டி இடது கையை விட்டான். வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தான், உதட்டைக் கடித்தான், எங்களுக்குக் காட்டினான். இருபது. போன வாரம் என்றால் அது அவன் வெட்டு. அதை டின்னுக்குள் திரும்பப் போட்டான். அது விழுந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

"கிராணி, ஒரு கேள்வி. வலது கை வெட்டாம, அதுவும் கழிக்கலாமா?"

"உன்னோட வெட்ட விட்டுக் குடுக்குறியா?"

"ரெண்டு கையும் அண்ணனுக்கு."

யோசிக்க நேரமில்லை. "பொலே, ஆகட்டும். வெட்டாத கை கழிக்கலாம்," என்றேன். வலது கையால் ஐந்தை எடுத்தான், வீசினான். டின்னில் இரண்டு மூடி. இரண்டும் இருபதும்.

அர்ச்சுனன் அண்ணன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளே விட்டார். எடுத்துப் பாயில் வைத்தார்.

இரண்டு.

அந்தப் பெரிய உடம்பு அப்படியே தளர்ந்தது. "பார்த்தீங்களா, என் கை ராசி," என்றார். செருப்பில்லாத காலை அவர் கீழே ஊன்றுவதைப் பார்த்தேன். எழுந்துவிடுவார் என்று பயந்தேன்.

"அண்ணே," என்றான் மாயாண்டி. "அண்ணே, டின்னுல என்னா மிச்சம்?"

அண்ணன் டின்னைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். உள்ளே ஒரே ஒரு மூடி. அது என்னவென்று கொட்டகையில் இருந்த எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் நடுவில் பன்றியின் முறை இருந்தது. பன்றி நான். எட்டோ அதற்கு மேலோ வந்தால் மலையன் காலி. என் டின்னுக்குள் கை விட்டேன். என் மூடியை நான் மட்டும்தான் பார்ப்பேன், எந்த எண்ணை வேண்டுமானாலும் சொல்லலாம். அப்படிச் சொல்லிக் காப்பாற்றினால் இந்தச் சந்தோஷம் முழுக்க என் பொய்யாகிவிடும், அதை நினைக்கவே எனக்குப் பொறுக்கவில்லை. எடுத்த மூடியை நான்கூடப் பார்க்காமல் எல்லார் முன்னாலும் பாயில் திருப்பி வைத்தேன்.

மூன்று.

டீச்சர் கத்தியேவிட்டார். அவர் கூச்சல் போட்டு நான் கேட்டதே அந்த ஒரு தடவைதான். பன்றி சுவரில் போய் மோதியது, கொம்பு உடைந்தது, நான் எழுந்து நின்று முட்டிக் காட்டினேன்.

அடுத்த சுற்று. முதல் ஆள் டீச்சர். "நான் மருந்து அரைக்கிறேன், மூடி வேணாம்," என்றார்.

பிறகு மாயாண்டி. டின் அவன் முன்னால் இருந்தது. கை விட்டால் இருபது அவனுடையது. கத்தியால் பன்றியைக் கொல்ல முடியாது, ஆனால் இருபதைக் கையில் எடுத்து ஒரு வெட்டு வெட்டுவதை எந்த ஆட்டக்காரன் விடுவான்? அவன் இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு, முழங்காலால் டின்னை அண்ணன் பக்கம் தள்ளினான்.

"நீங்க கழிச்சதுண்ணே," என்றான். "நீங்களே அறுத்துக்குங்க."

அர்ச்சுனன் அண்ணன் டின்னை இரண்டு கையாலும் எடுத்தார். ஒரே மூடியை யாராவது குலுக்குவார்களா? குலுக்கினார், நிதானமாக, காதோரம் வைத்து. கையை உள்ளே விட்டார். எடுத்ததை உள்ளங்கையில் மூடி வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"படிங்கண்ணே," என்றேன்.

"அதான் எல்லாருக்கும் தெரியுமே."

"தெரிஞ்சாலும் படிக்கணும். ரூல்."

கையைத் திறந்தார். "இருவது," என்றார். கோடாரி இறங்கியதை, தகடு பிளந்ததை, சுரங்கம் அதிர்ந்ததை நான் சொன்னேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை, அவ்வளவு வேகமாகச் சொன்னேன். மாயாண்டி பாயை அடித்தான், மூடிகளெல்லாம் துள்ளின.

சத்தம் அடங்கியபின் அண்ணன் இருபதை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏன் நீலா, இந்தப் பன்னிக்குப் பொண்டாட்டி இருக்கா?"

அந்த நிமிஷம்வரை இல்லை. "இருக்குண்ணே," என்றேன். "இதவிடப் பெருசு."

"அப்ப அடுத்த ஞாயிறு நான் வெள்ளனே வந்துர்றேன்," என்றார் அண்ணன். காலில் மீதி இருந்த அந்த ஒற்றைச் செருப்பையும் கழற்றிப் போட்டார்.